தத்துவமசி: ஒரு தொடரின் பொருள் வரலாறு

ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றே என்னும் கொள்கைக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்பெறுவது, சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் இயலில் வரும் 'தத்துவமசி' என்னும் தொடராகும். 12ஆம் வயதில் கல்வி கற்கச் சென்று 24ஆம் வயதில் செருக்குடன் மீண்ட சுவேதகேதுவிற்கு, ஆலவித்தைப் பிளக்கச் செய்தும் நீரில் கரைந்த உப்பைச் சுவைக்கச் செய்தும் தந்தை உத்தாலக ஆருணி உணர்த்துகிறார். அவ்வுரையில் இத்தொடர் 9 முறை வருகிறது. 'அது நீயாக இருக்கிறாய்' என்பது இதன் நேர்பொருள். எனினும் 'அது' எதனைச் சுட்டுகிறது, சுட்டப்பட்டதற்கும் 'நீ'க்கும் உள்ள உறவு யாது என்பவற்றில் உரைகாரர் ஒருமித்தாரல்லர்.

இயலின் தொடக்கத்தில் கூறப்பட்ட 'சத்' என்னும் உள்பொருளையே 'அது' சுட்டுவதாகச் சங்கரர் கொள்வார். அவர் மரபினர், முன்பு கண்ட தேவதத்தனே இவன் என்னுங்கால் இடமும் காலமும் நீங்க ஆள் மட்டும் எஞ்சுதல்போல, முரண்பட்ட அடைகளை நீக்கி இலக்கணையால் ஒருமை கண்டனர். இராமாநுசருக்கு இலக்கணை வேண்டுவதில்லை. உயிர் இறைவனுக்கு உடலாதலின், உடலைக் குறிக்கும் சொல் உடலுடையானையும் குறிக்கும் என்பது அவர் துணிபு.

மத்துவரின் வழி புணர்ச்சியைப் பற்றியது. முன்நிற்கும் 'ஆத்மா' என்பதன் ஈற்று நெடிலோடு வருமொழி அகரம் சேர்ந்தால் நெடிலே நிற்கும். ஆகவே 'தத்' என்பதை 'அதத்' எனப் பிரித்து, 'அது நீ அல்லை' எனப் பொருள் கொள்ள ஒலியளவில் தடையில்லை. ஆயினும் ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணாலான அனைத்தும் அறியப்படும் எனத் தொடங்கும் இயலுக்கு இவ்வெதிர்மறை இசைவதாக இல்லை. நூலில் கட்டிய பறவை முதலிய உவமைகள் வேற்றுமையையே காட்டுகின்றன என்னும் அவரது வாதம் மட்டும் எளிதில் புறக்கணிக்கத் தக்கதன்று.

அதே 13ஆம் நூற்றாண்டில் தமிழில் மெய்கண்டாரும் சொல்லாராய்ச்சியின் வழியே இவ்வினாவை அணுகினார். அத்துவிதம் என்பதற்கு ஏகம் எனப் பொருள் கொள்ளின், ஏகமென்று சுட்டுவதற்கு ஒருவன் வேண்டும். ஆதலின் அச்சொல் பிரிவின்மையை உணர்த்துமேயன்றிப் பொருள் ஒன்றே என உணர்த்தாது என்பது அவர் சிவஞானபோத வார்த்திகத்தில் நிறுவும் கருத்து.

1986இல் சோயல் பிரெரெட்டன் எழுதிய கட்டுரை வழக்கை மீண்டும் இலக்கணத்திற்கே கொணர்ந்தது. 'நீ' எனப்படுபவன் ஆண்மகன், 'தத்' அலிப்பால். பண்டை உரைநடை வழக்கின்படி 'அவனே நீ' என்றிருப்பின் ஆண்பாற் சுட்டே வந்திருக்கும். எனவே 'அவ்வாறே நீ இருக்கிறாய்' என்பதே பொருள் என்றார் அவர். 'சத்' என்பதும் அலிப்பாலே என்னும் மறுமொழி சங்கரர் மரபிற்கு உண்டு. எனினும் தொடருக்கு மிக அண்மையில் நிற்பது ஆண்பாலாகிய 'ஆத்மா' என்பதால் அம்மறுமொழி முழுவலிமை பெறவில்லை. பிரெரெட்டன் கூற்றை ஏற்பினும் ஒருமைக் கொள்கை வீழ்ந்துவிடாது. பிருகதாரணியகத்தின் முதல் இயலில் 'அகம் பிரம்மாஸ்மி' தனித்து நிற்கிறது. ஆலவித்துப் பகுதியில் மட்டுமே இத்தொடர் முதலில் இருந்து, பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது என்னும் அவரது மற்றொரு கருத்தே உரைகாரர் அனைவரையும் தாக்குவது. ஒன்பது முறை கூறியதன் உறுதியை அவர்கள் எல்லாரும் தத்தம் வழியில் சான்றாக்கியிருந்தனர்.