பெயர் இல்லாமல் வந்த பாட்டுகள்

1996-இல் நியூயார்க்கில் ‘பேரலல் வேர்ல்ட்’ என்ற சின்ன கம்பெனி ஒன்று ‘கம்போடியன் ராக்ஸ்’ என்று ஓர் எல்.பி. இசைத்தட்டு போட்டது. மொத்தம் 13 பாட்டு. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பாடியவர் பெயர் கிடையாது, பாட்டின் பெயர் கிடையாது. அதற்கு இரண்டு வருடம் முன்பு கம்போடியாவுக்குச் சுற்றுலா போன ஓர் அமெரிக்கர் அங்கே ஆறு கேசட் வாங்கியிருக்கிறார். அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த பாட்டுகள்தான் தட்டில் ஏறியவை. பின்னால் சிடியாக வந்தபோது பாட்டுகள் 22 ஆயின. பெயர்கள் அப்போதும் வரவில்லை.

நான் திருச்சியில் ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவன். எண்பதுகளில், தொண்ணூறுகளில் ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று கேசட் எடுத்துப் பதிந்து கொடுப்போம். எவ்வளவு கூட்டமானாலும் இன்லே கார்டில் படம், பாடியவர், இசை மூன்றையும் கையால் எழுதாமல் கேசட் கடையைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் ஊறியவனுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்கா மகன் வாங்கி வந்த அந்த சிடியைப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. இப்படிப் பாடியிருக்கிறாளே ஒருத்தி, அவள் யார்? அந்தக் கேள்விதான் என்னைக் கம்போடியாவின் கதைக்குள் இழுத்தது.

கதை 1950-களில் தொடங்குகிறது. 1953-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கம்போடியா விடுதலை பெற்றது. மன்னர் நொரோதோம் சிஹானூக் தாமே பாட்டுக்கு மெட்டுப் போடுவார், சாக்ஸபோன் வாசிப்பார், பின்னாளில் சினிமாவும் எடுத்தார். ராஜாவுக்கு இருந்த பித்து அரசாங்கத்துக்கும் தொற்றியது. அரண்மனைக்கு ஒரு வாத்தியக் குழு, வானொலிக்கு ஒன்று, அமைச்சகங்களுக்கும் தனித்தனிக் குழுக்கள். முதலில் சா-சா-சா, ரும்பா மாதிரி லத்தீன் அமெரிக்கத் தாளங்கள் பாரிஸ் வழியாக வந்து இறங்கின. அறுபதையொட்டி மோல் காக்னோல், மோல் காமாச் என்ற அண்ணன் தம்பிகள் ‘பக்செய் சாம் க்ரோங்’ குழுவைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷாடோஸ் குழுவும் அவர்களுக்கு ஆதர்சம். கம்போடியாவின் முதல் கிட்டார் குழு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

1965-இல் சிஹானூக் அமெரிக்காவோடு தூதரக உறவை முறித்துக்கொண்டார். வானொலி அலைக்கு அந்த முறிவு தெரியாது. பக்கத்தில் தென் வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக நடத்திய ஒலிபரப்பு கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலும் கேட்டது. ராக், சோல், பிறகு சந்தானா என்று எல்லாம் அந்த வழியாக வந்து சேர்ந்தன. அங்கிருந்த கலைஞர்கள் அவற்றை வாங்கி அப்படியே திருப்பிப் பாடினார்கள் என்று நினைத்தால் அது தப்பு. ஃபஸ் வைத்த கிட்டார் கரகரவென்று இழுக்கும். மின் ஆர்கன் பின்னால் ஓடும். அதன் மேல் கம்போடியாவின் கெமர் மொழி நாட்டுப்பாட்டின் குரல் வந்து உட்காரும். தொண்டையை ஒரு நொடி உடைத்து மேல் ஸ்வரத்துக்குத் தாவும் அந்தக் குழைவு லண்டனிலும் கிடையாது, கலிஃபோர்னியாவிலும் கிடையாது.

அந்தக் குரல்களில் தலையானது சின் சிசாமுத். 1932 வாக்கில் வடகிழக்கே ஸ்டுங் ட்ரெங் மாகாணத்தில் பிறந்தவர். தலைநகரில் மருத்துவப் பணிக்குப் படித்தவர், ஆஸ்பத்திரி வேலையையும் பாட்டையும் ஒன்றாகவே பார்த்தவர். பிறகு வானொலியும் அரண்மனைக் குழுவும் அவரை முழுநேரப் பாடகராக்கின. படங்களில் கோட்டு சூட்டு போட்டு, தலை வாரி, ஒரு கல்லூரி ஆசிரியர் மாதிரி நிற்பார். பழைய பாணிக் காதல் பாட்டும் பாடுவார், ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ மெட்டுக்குக் கெமர் வரிகளும் பாடுவார். அவர் பாடியவை ஆயிரத்தைத் தாண்டும் என்பார்கள்.

அவரோடு சேர்ந்து பாடியவர்களில் எனக்கு நெருக்கமானவர் ரோஸ் செரெய் சொத்தியா. பட்டம்பாங் மாகாணத்தில் ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாண வீடுகளில் பாடிப் பெயர் வாங்கி, 1967-இல் புனோம் பென் வந்தார். ‘தலைநகரின் பொற்குரல்’ என்று சிஹானூக் பட்டம் கொடுத்தார். உயர்ந்த, துல்லியமான குரல். அழுகைப் பாட்டிலும் பிசிறு தட்டாது. அதே பட்டம்பாங்கின் பான் ரோன் இவருக்கு நேர் எதிர். குறும்பும் சீண்டலும் துள்ளலுமாகப் பாடுவார். பெண் வெட்கப்பட்டே தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பாட்டுக்குப் பாட்டு உடைத்தவர். யோல் ஔலாரோங் என்று ஓர் இளைஞர், சைக்ளோ என்ற சைக்கிள் ரிக்ஷா சவாரியை வைத்து ஒரு பாட்டு போட்டார். கராஜ் ராக் என்று இன்று சொல்கிறார்களே, அதன் சுத்தமான வடிவம் அது. எழுபதுகளில் ‘டிராக்கர்’ குழு வந்தபோது கிட்டார் இன்னும் கனத்துவிட்டது.

1970 மார்ச்சில் தளபதி லோன் நோல் சிஹானூக்கைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார். உள்நாட்டுப் போர், அமெரிக்கக் குண்டுவீச்சு, இரவில் ஊரடங்கு. கிளப்காரர்கள் கச்சேரியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டார்கள். பாடகர்களும் ராணுவத்துக்காகப் பாட வேண்டியிருந்தது. சொத்தியா பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கும் காட்சி ஒன்று படச்சுருளில் மிஞ்சியிருக்கிறது. அழுகைப் பாட்டுக்காரி தலைக்கவசத்தோடு நிற்பதைப் பார்த்தால் அந்த ஊர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது விளங்கும்.

1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென் நகரத்துக்குள் நுழைந்தது. சில நாள்தான், அமெரிக்கா குண்டு போடப்போகிறது, கிளம்புங்கள் என்று சொல்லி ஊரையே காலி செய்தார்கள். நோயாளிகளைக்கூடக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்து அந்த ஆட்சியை விரட்டுவதற்குள் சுமார் 17 லட்சம் பேர் செத்துப்போனார்கள். நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல். நகரத்துப் பாட்டு, மேல்நாட்டு வாத்தியம், நீள முடி எல்லாமே குற்றம். சிசாமுத், சொத்தியா, பான் ரோன், ஔலாரோங் நால்வருமே திரும்பவில்லை. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ஆளுக்கொரு கதை உலவுகிறது. சாட்சி இல்லாத அந்தக் கதைகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பாடகி சியெங் வந்தி மட்டும், என்ன தொழில் என்று கேட்டபோது வாழைப்பழம் விற்பவள் என்று சொல்லித் தப்பினார். 2009 வரை வாழ்ந்தார்.

ஆட்கள் போனதோடு மூல நாடாக்களும் போயின. மிஞ்சியவை, முன்பே வெளிநாடு போனவர்களிடமும் ஒளித்து வைத்தவர்களிடமும் இருந்த 45 ஆர்.பி.எம். சின்னத் தட்டுகளும் தேய்ந்த கேசட்டுகளும்தான். அகதிகளாகக் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சுக்கும் பாரிஸுக்கும் போனவர்கள் அவற்றைப் பிரதி எடுத்து விற்றார்கள். அந்தப் பிரதிகளே மறுபடி புனோம் பென் சந்தைக்கும் வந்தன.

இங்கேதான் என் தொழில் எனக்கு உதவியது. அந்தக் கேசட்டுகளில் பலவும் அசல் இல்லை. ஆடுவதற்குத் தோதாக இருக்கட்டும் என்று பழைய பதிவின் மேல் டிரம் மெஷினை ஏற்றியிருக்கிறார்கள், வேகத்தையும் கூட்டியிருக்கிறார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் பிடிபட்டுவிடும். பழைய டிரம்ஸ் ஒரு அறைக்குள் ஒலிக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் லேசான முழக்கம் அதற்கு உண்டு. மேலே ஏற்றிய தாளம் வறண்டு, காதுக்குப் பக்கத்தில், முழக்கமே இல்லாமல் டக் டக்கென்று விழும். டிரம்மர் உணர்ச்சி வேகத்தில் ஒரு மயிரிழை முந்துகிற இடங்களில் மெஷின் முந்தாது; இரண்டும் விலகி நிற்பது அங்கே அப்பட்டமாகக் கேட்கும்.

வேகத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். கிட்டார்காரர் திறந்த தந்தியை அடிக்கும் இடம் ஒன்று எப்படியும் பாட்டில் வரும். அந்த ஸ்வரம் எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கினால், நாடா தன் வேகத்தில் ஓடவில்லை என்று சந்தேகப்படலாம். சிசாமுத்தின் ஒரு பாட்டை டெக்கின் பிட்ச் திருகை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தந்தி சரியான இடத்தில் வந்து உட்கார்ந்ததும் குரலின் வயதே மாறியது. இருபது வயதுப் பையன் போலக் கேட்டவர் நாற்பதை நெருங்கும் ஆளாக, நெஞ்சிலிருந்து, அவசரமே இல்லாமல் பாடினார். பல வருடம் உலகம் கேட்டது அவருடைய குரலே இல்லை என்று அப்போது பட்டது.

‘கம்போடியன் ராக்ஸ்’ வந்த பிறகு மேல்நாட்டில் ஆர்வம் பரவியது. 2002-இல் ‘சிட்டி ஆஃப் கோஸ்ட்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் அந்தக் காலத்துப் பாட்டுகள் வந்தன. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ‘டெங்கு ஃபீவர்’ குழு கிளம்பி, பட்டம்பாங்கின் பாட்டுக் குடும்பத்திலிருந்து வந்த ச்சோம் நிமோலைப் பாட வைத்தது. தொலைந்த இசையைக் கண்டுபிடித்தோம் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு கிடையாது. கம்போடியாவில் சிசாமுத் தொலையவே இல்லை. கெமர் ரூஜ் போன பிறகு கல்யாணத்திலும் கடையிலும் படகிலும் அந்தப் பாட்டுகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. பெயர் தெரியாதவர்கள் என்று நாம் சொன்ன ஆட்களின் பெயரை அங்கே எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். தட்டு போட்டவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு பாட்டு பாட்டாக அடையாளம் கண்டபோது சிசாமுத், சொத்தியா, பான் ரோன், ஔலாரோங், லியெவ் துக், மியஸ் சமோன் என்று ஒவ்வொரு குரலுக்கும் பெயர் வந்து சேர்ந்தது. கெமர் தெரிந்தவர்கள் காது கொடுத்ததும் நடந்த வேலை அது.

இந்தக் கதையைப் பொறுப்பாகச் சொன்னவர் ஜான் பிரோஸி. ‘சிட்டி ஆஃப் கோஸ்ட்ஸ்’ படத்தில் கேமரா வேலை பார்த்தவர், பத்து வருடம் போல அலைந்து ‘டோன்ட் திங்க் ஐ ஹாவ் ஃபர்காட்டன்’ என்ற ஆவணப்படத்தை 2014-இல் முடித்தார். தலைப்பு சிசாமுத் பாட்டொன்றின் பெயர். வாழைப்பழம் விற்பவளாகப் பிழைத்த சியெங் வந்தி அதில் பேசுகிறார். டிராக்கர் குழுவில் உயிர் தப்பியவர்களும் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம், கெமர் ரூஜ் காலத்துக்குப் பின் பிறந்த இளைஞர்கள் ‘கம்போடியன் விண்டேஜ் மியூசிக் ஆர்க்கைவ்’ என்று சேர்ந்து, மெஷின் தாளம் ஏறாத அசல் 45 ஆர்.பி.எம். தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி, துடைத்து, சரியான வேகத்தில் பதிவு செய்து வருகிறார்கள். நான் மதிப்பது இந்த வேலையைத்தான். தட்டின் நடுத்தாளில் இருக்கும் கம்பெனிப் பெயரும் எண்ணும் பாட்டைக் காலத்தோடு சேர்த்துக் கட்டுகின்றன.

பணம் என்று ஒன்று இருக்கிறது. கம்போடியாவில் காப்புரிமைச் சட்டம் வந்ததே 2003-இல்தான். சிசாமுத் குடும்பத்தார் ஆவணங்களோடு அலைந்து அவர் எழுதிய பாட்டுகளில் பலவற்றின் உரிமையைப் பெற்றார்கள். ராஜா போல இருந்த ஒருவரின் பிள்ளைகளுக்கே இத்தனை காலம் ஆனது என்றால் மற்றவர்கள் கதியை யோசித்துப் பாருங்கள். வோய் ஹோ போன்ற பாட்டாசிரியர்களைக் கம்போடியாவுக்கு வெளியே யார் பேசுகிறார்கள்? வாத்தியக்காரர்கள் நிலை அதைவிட மோசம். தட்டில் பாடகர் பெயர் அச்சாகும். கிட்டார்காரர், டிரம்மர் பெயர் அச்சாகாது. ‘கம்போடியன் ராக்ஸ்’ பாட்டுகளில் அந்த ஃபஸ் கிட்டாரைக் கேட்டு நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ஆட்கள் சொக்கிப் போகிறார்கள். அதை வாசித்த விரல்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் பெயர் இல்லை. பெயர் போடாத தொகுப்புகளை விற்றுக் காசு பார்த்த எந்தக் கம்பெனியானாலும், இப்போது தெரிந்துவிட்ட பெயர்களை உறையில் அச்சிட வேண்டும், குடும்பங்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். ‘தெரியாது’ என்று சொல்ல இனி இடமில்லை.

நம் ஊருக்கும் இதில் வேலை இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. கோயில் திருவிழாவில், கல்யாண ரிசப்ஷனில் அவர்கள் வாசித்ததை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்திருப்பார்கள்; என் கடைக்கே அப்படி எத்தனையோ கேசட் பிரதி எடுக்க வந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ அப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஜிட்டலாக மாற்றுவது பிறகு நடக்கட்டும். முதலில் எந்த ஊர், எந்த வருடம், பாடியது யார், லீட் கிட்டார் யார், டிரம்ஸ் யார் என்று பேனா எடுத்து அட்டையில் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால், அந்தக் குழுவில் இருந்தவர் யாராவது இன்னும் ஊரில் இருப்பார். நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.