மந்தையை அரிக்கும் மறைநோய்

ஊவாவில் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தனர். எருமை அழியின் உழவும் அழியும் என்பதை அவ்வூர்கள் அன்றே உணர்ந்தன.

படையின்றி, ஓசையின்றி மந்தையை அரிக்கும் குடல்நோயும் ஒன்றுண்டு. அது யோனே நோய் எனப்படும். டிரெஸ்டன் நகரில் 1895இல் யோனே, புரோதிங்காம் என்னும் இருவர் நோயுற்ற பசுவின் குடலில் அதன் கிருமியைக் கண்டும், அதனைக் காசநோயின் ஒரு வகையென்றே கருதினர். இஃது வேறொரு நோயென 1906இல் டென்மார்க்கு அறிஞர் பாங்கு தெளிவுறுத்தினார்.

கன்றுப் பருவத்திற் புகும் கிருமி, ஆண்டுகள் கழிந்தபின்னரே கழிச்சலும் மெலிவுமாக வெளிப்படும். அதற்குள் நலமாகத் தோன்றும் மாடே சாணத்தின்வழி அதனைப் பரப்பிவிடும். தீர்க்கும் மருந்தில்லை. ஆதலின் மெலிந்த ஒன்றை மட்டும் நோக்குதல் போதாது. மந்தை முழுவதையும் சோதித்தல் வேண்டும். பதுளைத் தோட்ட லயங்களில் ஓரிரு மாடு வளர்ப்போர்க்கும், கன்றைச் சாணத்தினின்றும் விலக்கிக் காத்தலே முதற்காப்பு.