குதிரைப் பந்தயமும் பயிற்சியாளர் கணிப்பும்

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருள் பெரும்பாலோர் முகம் சுளிப்பர். அச்சுளிப்புக்குத் தக்க காரணமும் உண்டு. சம்பள நாளன்று வீடு வந்து சேரவேண்டிய பணம் பந்தயத் திடலின் வாயிலோடு நின்றுபோன குடும்பங்களை, நகர வாழ்வில் பழகிய எவரும் அறிவர். ஆயினும் ஒரு தொழிலின் வரலாற்றை, அதனால் கெட்டவரைக் கொண்டு மட்டும் எழுதிவிடுதல் முறையன்று. மகாலட்சுமித் திடலை ஒட்டி நாள்தோறும் ரயிலில் செல்லும் நம் காலனி அன்பர்களுக்கு, அத்திடலுக்குள் விடியற்காலையில் நடைபெறும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

வார இறுதியில் ஓடவிருக்கும் குதிரைகளைப் பற்றி அவற்றைப் பயிற்றுவிப்பவர் என்ன கருதுகிறார் என்பதை அறிய, பந்தய நகரங்கள் யாவற்றிலும் ஆவல் மிகுதி. "இக்குதிரை தேறியிருக்கிறது, தூரம் ஒத்துவரும், எடைதான் சற்றுக் கூடுதல்" என்று அவர் உதிர்க்கும் ஒரு வாக்கியம் ஆயிரம் வாய்களில் ஆயிரம் பொருள் பெறும். அவ்வாக்கியம் அறிவின் விளைவா, ஆரூடமா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா நம் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே கிடைத்த விடையைச் சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பண்டைத் தமிழகத்துக்குக் குதிரை கடல் கடந்து வந்த பொருள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற அமைச்சர் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணியில் அப்பொருளைச் செலவிட்டதும், பின்னர் நரிகள் பரிகளானதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதை. அரசனது கருவூலத்தில் குதிரைச் செலவு எத்துணைப் பெரிய பங்கு என்பதற்கு அக்கதையே சான்று.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதியுள்ள செய்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஏடன், ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் குதிரைகள் வந்திறங்கின. அரசர் ஒவ்வொருவரும் ஈராயிரத்துக்கு மேல் வாங்கினர். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். காரணம் போரன்று, பராமரிப்பு அறியாமையே. அரிசிச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினராம். அதனினும் வியப்பு, குதிரை விற்ற வணிகர், குதிரை வைத்தியம் அறிந்த எவரையும் இந்நாட்டுக்கு வரவிடவில்லை என்பது. குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! அயல்நாட்டார் கூற்றில் மிகைப்படுத்தல் இருத்தல் கூடும்; எனினும் ஓர் உண்மை விளங்குகிறது. குதிரையை வளர்க்கும் அறிவு, குதிரையைவிட விலை உயர்ந்ததாக இருந்தது. அவ்வறிவை மறைத்து வைத்தவர் செல்வரானார்.

ஆங்கிலேயர் வந்தபின் குதிரை ஏறினவர் மாறினர், கடல்வழி மாறவில்லை. பம்பாய்க்கு அரபுக் குதிரைகளும், சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு குதிரைகளும் கப்பலேறி வந்தன. வேல்சு என்ற பெயராலேயே அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர் வழங்கிற்று. கிண்டியில் பந்தயம் 1777-இல் தொடங்கியது என்பர். கல்கத்தாக் கழகம் 1847-இலும், பம்பாய் மகாலட்சுமித் திடல் 1883-இலும் தோன்றின. படைத்தலைவரும் ஆட்சியாளரும் பொழுதுபோக்காகத் தொடங்கிய இது, பின்னர் சுதேச மன்னர்களின் பெருமிதமாயிற்று. 1943-இல் பம்பாயில் முதன்முதலாக நடைபெற்ற இந்தியன் டெர்பியில் பரோடா மகாராஜாவின் 'பிரின்சஸ் பியூட்டிபுல்' என்ற பெட்டைக் குதிரை வென்றது. மன்னர்கள் மறைந்தபின் வணிகரும் ஆலை அதிபரும் அவ்விடத்தைப் பெற்றனர். நம்மவருள் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி அவர்கள் பல நூறு பெரும் பந்தயங்களில் வென்ற குதிரைகளுக்கு உரிமையாளராக விளங்கி 2015-இல் மறைந்தார்.

மன்னர் பெயரும் அதிபர் பெயரும் கோப்பையில் பொறிக்கப்படும். லாயத்தில் நின்று வேலை செய்தவர் பயிற்சியாளர். அவர் வேலையைச் சற்று நெருங்கிக் காண்போம்.

நாம் பால் வாங்கக் கதவைத் திறக்கும் நேரத்துக்கு முன்பே அவர் லாயத்துக்கு வந்துவிடுவார். முதலில் காண்பது குதிரையையன்று, அதன் தொட்டியை. இரவு வைத்த தீனியை முற்றும் தின்றிருக்கிறதா, பாதி விட்டிருக்கிறதா என்பதே அன்றைய முதற்செய்தி. ஓட்டத்துக்குப் பிறகு தொட்டியைத் தொடாத குதிரை, தன் வலிமைக்கு மேல் உழைத்துவிட்டது என்று பொருள். அடுத்து முன்னங்கால்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்பை விரலால் தடவிப் பார்ப்பார்; ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அக்குதிரை அன்று ஓடாது, வார இறுதியிலும் பெரும்பாலும் ஓடாது. ஏறக்குறைய 500 கிலோ உடலை நாலுகால் பாய்ச்சலில் சுமப்பவை அம்மெல்லிய கால்கள். பாய்ச்சலின் ஒரு கணத்தில் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கும்.

பின்னர் திடலில் ஓட்டம். நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கடைசி மூன்று பர்லாங்கை எத்தனை நொடியில் கடந்தது என்று மறுநாள் நாளேடு அச்சிடும். ஆனால் பயிற்சியாளர் நோக்குவது நொடியை மட்டுமன்று. தானே விரும்பி ஓடிற்றா, சவாரிக்காரன் முடுக்கி ஓடிற்றா, மேலே அமர்ந்தவன் எடை எவ்வளவு, நின்றபின் மூச்சு எத்தனை விரைவில் அடங்கிற்று ஆகியவற்றை அவர் மனத்தில் குறித்துக்கொள்வார். நாளேட்டில் நொடி மட்டும் வரும். மற்றவை லாயத்திலேயே தங்கும். இங்கேதான் மார்க்கோ போலோ கண்ட குதிரை வணிகரின் நினைவு எனக்கு எழுகிறது.

இவ்வாறு திரட்டியவற்றைக் கொண்டு அவர் வார இறுதியைக் கணிக்கிறார். மழை பெய்து திடல் இளகினால் எந்தக் குதிரைக்கு நன்மை, வளைவில் உள்வரிசை கிடைத்ததா வெளிவரிசையா, 1,200 மீட்டரில் பாய்வது 2,400 மீட்டருக்குத் தாங்குமா என்பனவெல்லாம் கணக்கில் சேரும். இவற்றோடு நில்லாமல் அவருக்கு எதிராகவே அமர்த்தப்பட்ட ஓர் அலுவலரும் இருக்கிறார். எடை வகுப்பவர் என்று அவரைச் சொல்லலாம். வலிய குதிரைக்கு மிகுந்த எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாக் குதிரைகளும் ஒரே வரிசையில் முடிவுக் கம்பத்தைத் தொடுமாறு செய்வதே அவர் கடமை. இங்கிலாந்தில் 1855-இல் இப்பொறுப்பை ஏற்ற கடற்படைத் தலைவர் ரௌஸ் என்பவர் வயதுக்கேற்ற எடை அட்டவணை வகுத்து இக்கலையை நிலைநிறுத்தினார். ஒரு மைல் பந்தயத்தில் ஒரு கிலோ எடை ஏறத்தாழ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது தொழிலாளர் கைக்கணக்கு. இந்தியக் கழகங்களிலும் குதிரைகளுக்கு மதிப்பெண் இட்டு, வகுப்புகளாகப் பிரித்து, அதற்கேற்ப எடை ஏற்றுவர். டெர்பி போன்ற சில பெரும் பந்தயங்களே இதற்கு விலக்கு.

ஆகவே பயிற்சியாளர் ஒருவர் "எடைதான் சற்றுக் கூடுதல்" என்று சொன்னால் அது புலம்பலன்று. எடை வகுப்பவர் தம் குதிரையை நன்கு கண்டுகொண்டார் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. "இன்னும் ஓர் ஓட்டம் தேவை" என்றால் குதிரை முழுத் தகுதிக்கு வரவில்லை என்று பொருள். "நன்றாக ஓடும்" என்பதற்கு வெல்லும் என்று பொருளே இல்லை. இதை வெற்றி என்று படித்தவரே பெரும்பாலும் பொருளை இழந்தவர். பயிற்சியாளர் உரிமையாளரின் ஊழியர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். உரிமையாளர் படிக்கும் ஏட்டில் அவர் குதிரையைப் பழித்து யார் பேசுவார்?

எத்துணை நுட்பமான கணிப்பும் கவிழும் வகைக்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி போதும். 1967 ஏப்ரல் 8-ஆம் நாள் எயின்ட்ரீ திடலில், வேலி தாண்டி ஓடும் 'கிராண்டு நேஷனல்' பந்தயத்தில் 44 குதிரைகள் ஓடின. அவற்றுள் 'பாய்னவோன்' என்பது ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் யாரும் பொருட்படுத்தாத குதிரை. அதன் பயிற்சியாளர் ஜான் கெம்ப்டன் அதற்கு வாய்ப்பே இல்லை எனக் கருதி, அன்று உஸ்டர் நகரில் வேறொரு குதிரையில் தாமே சவாரி செய்யப் போய்விட்டார். 23-ஆம் வேலியில், ஆளை இழந்து ஓடிக்கொண்டிருந்த குதிரை ஒன்று குறுக்கே பாய, முன்னே சென்றவை யாவும் ஒன்றின்மேல் ஒன்று மோதி நின்றன. வெகு தொலைவு பின்தங்கி வந்த பாய்னவோன் ஓர் இடைவெளி கண்டு தாண்டி, தனியே சென்று வென்றது. அவ்வேலிக்கு இன்று அதன் பெயரே வழங்குகிறது. கெம்ப்டனின் கணிப்பு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அக்குதிரையைப் பற்றி அவர் அறிந்தது சரியே. மற்ற குதிரைகளுக்கு நேரவிருந்ததை அறிய எந்த லாயத்திலும் வழியில்லை.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். பழைய சென்னைச் சட்டங்கள் சூதாட்டத்தைத் தடுத்தபோதிலும், பந்தய வளாகத்துக்குள் குதிரைமீது கட்டும் பணயத்தை விலக்கி வைத்திருந்தன. ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன என்ற குரல் ஓங்கவே, 1974-இல் முதலமைச்சர் கருணாநிதி காலத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றிற்று. சென்னைப் பந்தயக் கழகம் வழக்காடியது. உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே இடைக்காலத் தடை பெற்றுப் பந்தயம் தொடர்ந்தது. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கழகத்தையே அரசு மேற்கொள்ள மற்றொரு சட்டம் பிறந்தது. அதுவும் வழக்காயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற வினா சுருக்கமானது: குதிரைப் பந்தயம் திறமையா, தற்செயலா? திறமை மேலோங்கிய போட்டி சூதாட்டமாகாது என்று அந்நீதிமன்றம் 1957-லேயே ஒரு வழக்கில் கூறியிருந்தது. 1967-இல் சீட்டாட்டமாகிய ரம்மியும் பெரும்பாலும் திறமையே என்றது. 1996 சனவரி 12-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு குதிரைப் பந்தயத்தையும் அவ்வரிசையில் சேர்த்தது. குதிரையின் விரைவும் தாங்கும் ஆற்றலும் பயிற்சியால் வருவன. சவாரி செய்வோர் கலையில் தேர்ந்தோர். குதிரையின் பிறப்பு, முன் ஓட்டங்கள், எடை, தூரம் ஆகியவற்றை ஆராய்ந்தே பணயம் கட்டுகின்றனர் என்ற நோக்கில் அத்தீர்ப்பு நடந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் முடிவாயிற்று. நாம் விடியலில் லாயத்தில் கண்ட அந்த வேலையே, ஒரு வகையில், வழக்கை வென்றது.

தீர்ப்பைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீதிமன்றம் சொன்னது விளையாட்டின் இயல்பைப் பற்றி. சாளரத்தில் வரிசையாக நிற்பவரின் நிலை வேறு. 1867-ஐ ஒட்டிப் பாரிசில் ழோசப் ஒல்லேர் வகுத்த முறையில்தான் இன்றும் டோட்டில் பணம் பகிரப்படுகிறது. கட்டிய பணமெல்லாம் ஒரே குடத்தில் சேரும். கழகத்தின் பங்கும் அரசின் வரியும் எடுத்தபின் எஞ்சியதே வென்றவர்க்கு. பயிற்சியாளரின் சொல்லைப் பத்தாயிரம் பேர் நம்பினால், அச்சொல் மெய்யானாலும் பங்கு சுருங்கும். குடத்திலிருந்து முதலில் எடுப்பவருக்கோ எந்தக் குதிரை வென்றாலும் இழப்பில்லை. திறமை லாயத்தில் இருப்பது உண்மை. அத்திறமை ஐம்பது ரூபாய்ச் சீட்டோடு வாங்குபவர் கைக்கு வந்துவிடுகிறது என்று தீர்ப்பில் எங்கும் இல்லை. 1974-இல் சட்டம் இயற்றியவர் கவலைப்பட்டது இந்த மனிதரைப் பற்றியே. அவர் வீட்டுக்கு 1996 ஒன்றும் கொண்டுவரவில்லை.

கிண்டித் திடலின் கதை பின்னர் வேறு வழியில் திரும்பிற்று. 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த 160 ஏக்கர் நிலத்தை, வாடகைப் பாக்கி வழக்கின் தொடர்ச்சியாக, 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது. சட்டத்தால் ஒழிக்க முடியாததை வாடகைக் கணக்கு அசைத்தது.

மும்பை, பெங்களூரு, ஐதராபாத்து, கல்கத்தா நகரங்களில் பந்தயம் பருவந்தோறும் நடக்கிறது. ஞாயிறு மாலை வென்ற குதிரைக்கு எடை வகுப்பவர் மதிப்பெண்ணைக் கூட்டுவார், தோற்றதற்குக் குறைப்பார். மறுநாள் விடியலில் பயிற்சியாளர் மீண்டும் தொட்டியில் எவ்வளவு தீனி எஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்.