கடலடியில் ஒரு கொடிக்கப்பல்

1749 ஏப்ரலில் வீசிய புயல், கடலூர்க் கரையோரம் நின்ற ஆங்கிலக் கப்பற்படையைச் சின்னாபின்னமாக்கிற்று. அட்மிரல் பாஸ்காவன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறங்கியிருந்ததால் பிழைத்தார். அவருடைய கொடிக்கப்பல் ‘நாமூர்’ கோட்டைக்கருகே மூழ்கியது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘பெம்புரோக்’ தெற்கே, கொள்ளிடத்துப் பக்கம் உடைந்தது. சிதம்பரத்துக் கோபுரங்களைக் கண்டு திசை தெரிந்துகொள்ளும் மாலுமிகளுக்கு அந்தப் புயலில் கோபுரமா தெரிந்திருக்கும்?

கலங்கிய நீரில் அவற்றைத் தேடக் கண் உதவாது, காதுதான் வேண்டும். சோனார் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் படம் வரைகிறது. ஆனால் அந்த ஒலி, டார்ச் வெளிச்சம் போலத் தூரம் போகப் போக விரிந்துவிடும். பீரங்கியும் பாறையும் ஒரே திட்டாகத் தெரியும். பூம்புகாருக்கு எதிரே 1991இல் 23 மீட்டர் ஆழத்தில் தென்பட்ட லாட வடிவத்தை, மனிதன் கட்டியதா இயற்கையா என்று எத்தனை நாள் வாதாடினோம்!

தெளிவு வேண்டுமானால் காது நீளவேண்டும். அவ்வளவு நீளக் கருவியைக் கடலில் இழுப்பது யார்? ஆகவே சிறு கருவி நகர நகர, ஒவ்வோரிடத்திலும் கேட்ட எதிரொலிகளைச் சேமித்து, அவை வந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒன்றாகக் கூட்டுகிறார்கள். 1951இல் ராடாருக்காகக் கார்ல் வைலி கண்ட யுக்தி இது. கடலில் தொல்லை அதிகம். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டர். அதில் ஒரு சிறு பங்கு கருவி ஆடினாலும் படம் குழம்பும். அந்த ஆட்டத்தையும் எதிரொலியிலிருந்தே கண்டுபிடித்துக் கழிக்கிறார்கள்.

வண்டல் மூடிவிட்டால் இந்தக் காதும் செவிடுதான். மந்தர ஸ்தாயி ஒலி மண்ணுக்குள் இறங்கும், படமோ மங்கிப்போகும். நாமூரின் 74 பீரங்கிகளில் ஒன்றாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.