அரசாங்க ஒப்பந்த வழக்கறிஞர்: பணியும் படிப்பும்

அரசாங்கத்துக்கும் தனியாருக்கும் இடையே ஏற்படும் குத்தகைகளை வரைவது, ஆராய்வது, தகராறு வந்தால் வாதாடுவது ஆகியவை அரசாங்க ஒப்பந்த வழக்கறிஞரின் பணி. சாலை, கால்வாய், பள்ளிக் கட்டடம், புல்வெட்டு, துப்புரவு, உணவு விநியோகம் என எல்லாமே இதில் அடங்கும். அம்பாங் பெச்சா முதல் கோல சிலாங்கூர் வரை சிறு குத்தகை எடுத்துப் பிழைப்பவர்களுக்கு இந்தத் துறை அந்நியமானதல்ல. வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்கு அலையும்போதுதான் பலர் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். கையெழுத்திடுவதற்கு முன்பே தேடுவதுதான் நல்லது.

வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, "எதிர்த்தரப்பு யார்?" என்பதே. 1949ஆம் ஆண்டின் அரசாங்க ஒப்பந்தச் சட்டப்படி, கூட்டரசு அரசாங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் மலேசிய அரசாங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அமைச்சரோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்த அதிகாரியோ அதில் கையெழுத்திடலாம். மாநில அரசாங்கம் என்றால் மந்திரி பெசாரின் அதிகாரம் பார்க்கப்படும். உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களோ 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் தனிச் சட்ட அமைப்புகள். ஒரே சாலையில் நடக்கும் இரண்டு வேலைகளுக்குக்கூட எதிர்த்தரப்பு வெவ்வேறாக இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி, "கூடுதல் வேலைக்குக் கடிதம் உண்டா?" என்பது. பள்ளிக்கு வேலி கட்டப் போனவரிடம், "பக்கத்துக் கால்வாயையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்" என்று ஓர் அதிகாரி வாய்மொழியாகச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பொதுப்பணித் துறையின் ஜேகேஆர் 203ஏ போன்ற மாதிரி ஒப்பந்தங்களில், மாற்று வேலைக்கு மேற்பார்வை அதிகாரியின் எழுத்துப்பூர்வ உத்தரவு முக்கியம். அது இல்லையென்றால் கோரிக்கை பலவீனமாகிவிடும். சொன்ன அதிகாரியின் மீதே வழக்குப் போடலாம் என்றாலும் முடியாது. அரசாங்கத்தின் சார்பில் செய்த ஒப்பந்தத்துக்கு அதிகாரி தனிப்பட்ட முறையில் பொறுப்பாவதில்லை என்று அதே 1949ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு கேட்கலாம் என்னும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு ஒரு மாற்று வழி. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை குத்தகையாளரின் தலையில்தான் விழும்.

பணம் நிலுவையில் நின்றால், 2014 ஏப்ரல் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில்துறைக் கட்டணம், தீர்ப்பளிப்புச் சட்டம் கைகொடுக்கும். அரசாங்கத்தின் கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரு தரப்பின் ஆவணங்களும் வந்து சேர்ந்த பின் 45 வேலை நாள்களுக்குள் தீர்ப்பாளர் முடிவு சொல்ல வேண்டும். "அரசாங்கம் எனக்குக் கொடுத்த பிறகுதான் உனக்குக் கொடுப்பேன்" என்று பெரிய குத்தகையாளர் போடும் நிபந்தனையையும் இச்சட்டம் செல்லாததாக்குகிறது. துணைக்குத்தகை எடுப்போர் இதை அறிந்திருப்பது அவசியம்.

நீதிமன்றம் போவதென்றால் தொகையைப் பொறுத்து இடம் மாறும். 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 1,000,000 ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்தாலும் அதன் சொத்தை ஜப்தி செய்ய முடியாது. 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டப்படி நீதிமன்றச் சான்றிதழ் பெற்றே பணத்தைக் கோர வேண்டும். ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு கெடு உண்டு. ஆனால் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36 மாதக் கெடு பற்றிய வாதம் எழலாம் என்பதால், கவனமான வழக்கறிஞர் குறுகிய கெடுவையே கணக்கில் கொள்வார்.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் முதலில் சட்டப் பட்டம் பெற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்களுக்கு சிஎல்பி தேர்வு தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் அதை எழுத வேண்டும். அதன்பின் 9 மாதப் பயிற்சி முடித்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்கப்படுவர். அரசாங்கத் தரப்பில் நிற்க விரும்பினால் சட்டச் சேவையில் சேர்ந்து, சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்திலோ அமைச்சுகளின் சட்டப் பிரிவிலோ பணியாற்றலாம்.

2025 ஆகஸ்டில் அரசாங்கக் கொள்முதல் மசோதா மக்களவையில் நிறைவேறியது. சட்டம் எதுவானாலும் குத்தகையாளர் வீட்டில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். ஒப்பந்தம், உத்தரவுக் கடிதம், வேலையின் படங்கள், பில், அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை ஆகியவை தேதி வரிசையில் அதில் இருந்தால், வழக்கறிஞரின் பாதி வேலை முடிந்தது போலத்தான்.