எஞ்சினுக்குள் ஒரு சுத்தியல் ஓசை

பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பிரித்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சமதரையில் நன்றாக ஓடுகிறது. மேடு ஏறும்போது மட்டும், உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல் 'டக், டக்' என்று ஓசை எழுகிறது. பட்டறைகளில் இதை 'நாக்கிங்' என்பார்கள். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்துவார், ஓசை குறையும். அப்படியானால் குற்றவாளி தீப்பொறிதானா?

அமெரிக்காவிலும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டரும், அவருடைய பாட்டரி வழித் தீப்பொறி முறையும் இருந்தன. நாக்கிங் ஏற்பட்டபோது பழி அந்தத் தீப்பொறி முறையின்மேல் விழுந்தது. உண்மையைக் கண்டறியும் பணி, 1916இல் டேட்டன் நகரில் அவரிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லிக்குக் கிடைத்தது.

சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதை ஒளிக்கதிரால் பதிவு செய்தார் மிட்ஜ்லி. தீப்பொறி விழுந்து, எரிதல் தொடங்கிய பிறகே அழுத்தம் திடீரென்று எகிறியது. காரணம் இதுதான்: தீ பரவும்போது கடைசி மூலையில் எஞ்சியுள்ள வாயு நெருக்கப்பட்டுச் சூடேறி, தீ வந்து சேருமுன் தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறியைத் தாமதித்தால் உச்ச அழுத்தம் குறையும். கூடவே எஞ்சினின் திறனும் குறையும். ஆகவே மாற்ற வேண்டியது எரிபொருளை.

சிவப்பு நிறம் ஏற்றினால் எண்ணெய் வெப்பத்தை ஈர்த்து விரைவில் ஆவியாகுமோ என்று ஓர் ஊகம் பிறந்தது. சாயம் கைவசம் இல்லாததால் அயோடினைக் கரைத்தார்கள். நாக்கிங் நின்றது! அவர்கள் அத்துடன் விடவில்லை. உண்மையான சிவப்புச் சாயங்களைச் சோதித்தார்கள், பயனில்லை. நிறமற்ற அயோடின் சேர்மமோ வேலை செய்தது. ஊகம் பொய்த்தது, ஆனால் வழி திறந்தது.

பல பொருள்களைச் சோதித்தபின், 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் காரீயம் அகப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எனினும் 1923இல் விற்பனைக்கு வந்தது காரீயம் கலந்த பெட்ரோல்தான்.

காரீயம் நஞ்சென்பது பண்டைக்காலம் முதலே தெரிந்த செய்தி. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர்கள் அதனால் மடிந்தனர். மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் எச்சரித்தார். விற்பனை சிறிது காலம் நின்று, மீண்டும் தொடங்கியது. பூமியின் வயதைக் கணித்த கிளேர் பாட்டர்சன், காரீயம் நம் சூழலிலும் உடலிலும் எவ்வளவு பெருகியுள்ளது என்பதை 1965இல் எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுப்பதும் பின்னர் உறுதியாயிற்று. இந்தியா 2000இல் அதைக் கைவிட்டது. கடைசியாக அல்ஜீரியா 2021இல்.

இன்று பழைய காரைப் புதுப்பிப்போர் பலர், கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்துகிறார்கள். முன்பு அவற்றைத் தேய்மானத்திலிருந்து காத்தது காரீயப் படிவு. ஊகத்தைச் சோதிக்க மிட்ஜ்லி காட்டிய அக்கறையை, மருந்தின் தீங்கைச் சோதிப்பதிலும் காட்டியிருந்தால், உலகம் நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.