எத்தனை பாகம் கயிறு?

கப்பலை நிறுத்துவது நங்கூரத்தின் எடையே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஏரின் கொழுவைப் போல் நங்கூரத்தின் நாக்கு கடலடி மண்ணைக் கவ்வுவதாலேயே கலம் நிற்கிறது. கயிறு நீண்டு, தரையை ஒட்டி இழுத்தால் நாக்கு மேலும் புதையும். கயிறு குறுகி, மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பெயர்ந்துவிடும். ஆகவே, எத்தனை பாகம் கயிறு விடுவது என்பது மாலுமிக்கு உயிர்க் கணக்கு.

பாகம் என்பது யாது? இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், ஒரு கைந்நுனியிலிருந்து மறு கைந்நுனி வரையுள்ள நீளம். மலாய்க்காரர் இதனை டெப்பா என்பர். பிரெஞ்சுக்காரரின் ‘பிராஸ்’ கையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. ஆங்கிலேயரின் ‘ஃபாதம்’ தழுவும் கைகளைக் குறித்த பழஞ்சொல். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று கொள்ள வேண்டுவதில்லை. ஈரக் கயிற்றை இழுப்பவனுக்குத் தன் கைகளே அளவுகோல். பின்னாளில் ஆங்கிலேயர் இதனை 6 அடி என வரையறுத்தனர்.

ஆழம் அறிய, ஈயக்குண்டு கட்டிய விழுதை நீரில் விட்டனர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பை அப்பி வைத்ததால், ஒட்டி வருவது மணலா சேறா என்பதும் விளங்கிற்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நார்க்கயிறாயின் ஆழத்தைப் போல் ஏழு மடங்கு என்பது மாலுமிகள் வழக்கு. நீர் 3 பாகம் எனில் 21 பாகம் போதும் என்பான் புதியவன். ஏற்றத்தில் நீர் 1 பாகம் உயரும். கயிறு புறப்படும் முகப்போ நீர்மட்டத்திற்கு 1 பாகம் மேலே. மெய்யான உயரம் 5 பாகம். வேண்டுவது 35 பாகம். புதியவனின் கயிறு நான்கு மடங்கே தேறும். இரவில் நீர் ஏறிக் காற்றும் வலுத்தால் அவன் கலம் கரையை நோக்கி நகரும்.

நீளம் மட்டும் போதுமா? 1768 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடலோடி பூகேன்வில் டகித்தித் தீவில் தங்கினார். நம் பள்ளி வேலிகளில் பூக்கும் காகிதப்பூவுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் இவருடையதே. அங்கே பவளப் பாறை கயிறுகளை அறுத்தது. ஒன்பது நாட்களில் ஆறு நங்கூரங்களை இழந்தார். 1808-இல் இங்கிலாந்தின் சாமுவேல் பிரவுன் இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலி பாறையைத் தாங்கியது. தன் எடையால் தரையில் படிந்து கிடந்ததால் குறைந்த நீளமும் போதியதாயிற்று.

ஆசிரிய அன்பர்களே, பெருக்கல் வாய்பாடு கற்பிக்கும் நாளில் ஒரு கயிற்றை வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். கடலையே காணாத தோட்டத்துப் பிள்ளையும் கை விரித்து அதனை அளப்பான். ஆழத்தை மட்டும் பெருக்குவோன் எதை மறந்தான் என்று அவனையே கேளுங்கள்.